புற்றுநோய்க்குப் பின் மருத்துவக் காப்பீடு: வாங்கிய பாலிசியும் வேண்டாமென்று விட்டவையும்

பெருந்துறைக்கு அருகே ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2024 மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றேன். அப்போது எனக்கு 63 வயது, மனைவிக்கு 61. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2022 மார்ச்சில், அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டுக் கோவையில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு கீமோதெரபியும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓராண்டு காலம் ட்ராஸ்டுசுமாப் ஊசியும் போட்டார்கள். செலவின் பெரும்பகுதியை ஆலையின் குழுக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. ஓய்வு பெற்ற அன்றைக்கு அந்தக் காப்பீடு முடிந்துவிடும் என்ற நிலையில், அடுத்து எதை வாங்குவது என்று மூன்று மாதம் அலைந்து ஒன்றை வாங்கினோம். அதில் ஒருமுறை பணமும் கோரிப் பார்த்தாகிவிட்டது. கோபிசெட்டிபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். எங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் வீட்டுக்கு வந்தவர் பழக்கமான ஒரு முகவர். நல்ல பையன்தான். படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, "ஏனுங்க ஐயா, அது ரெண்டு வருசத்துக்கு முந்தி நடந்து முடிஞ்ச சங்கதிதானுங்களே. அம்மா இப்ப நல்லாத்தானே இருக்கறாங்க. 'இல்லை'ன்னு போட்டுருவமுங்க, யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார். உள்ளேயிருந்து என் மனைவி, "ஏனுங்க, அந்தத் தம்பிக்குக் காப்பியக் குடுத்து அனுப்பிச்சிருங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த யோசனையில் இருக்கும் ஆபத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற எந்த நோயும் 'ஏற்கனவே உள்ள நோய்' என்ற கணக்கில் வரும். என் மனைவி இன்றைக்கும் தினமும் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர். அறுவை சிகிச்சை முடிந்து பத்தாண்டு ஆகியிருந்தால்கூட, மாத்திரை தொடரும்வரை அது பழைய கதை ஆகாது. தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டிய பிறகு, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி நிறுவனம் பணம் மறுக்க முடியாது என்று ஒரு விதி இருப்பது உண்மை. 2024-க்கு முன் எட்டு ஆண்டாக இருந்ததை ஐந்தாகக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் மோசடி என்று நிரூபிக்கப்பட்டால் அந்த விதி நம்மைக் காப்பாற்றாது. மார்பிலே தழும்பை வைத்துக்கொண்டு படிவத்தில் 'இல்லை' என்று எழுதியதை வேறு எந்தப் பெயரால் அழைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பிரீமியமும் போய், பாலிசியும் போய், கீமோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மறுப்புக் கடிதம் வரும்.

அதற்குப் பிறகு நானே பாலிசி ஆவணங்களை வரவழைத்துப் படிக்க ஆரம்பித்தேன். கணக்குப் பிள்ளையாக இருந்த பழக்கம் இதில் மட்டும் உதவியது. இவ்வகைப் பாலிசிகளில் விளம்பரத் தாளில் பெரிதாக இருப்பது காப்பீட்டுத் தொகை. எங்களுக்கு வேண்டியிருந்ததோ வேறு மூன்று விவரங்கள்: இந்த நோய்க்கு எந்தத் தேதியிலிருந்து பணம் வரும், பில்லில் எத்தனை பங்கு வரும், எந்த மருந்துக்கு வராது.

முதியோருக்கென்று விற்கப்படும் பாலிசிகளில் பலர் சொல்லக் கேட்டது ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் சீனியர் சிட்டிசன்ஸ் ரெட் கார்பெட். 60 முதல் 75 வயது வரை சேரலாம், முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு (பாலிசி எடுத்தும் அந்த நோய்க்குப் பணம் வராத காலம்) 12 மாதம்தான். மற்ற பாலிசிகளில் அதிகபட்சமாக 36 மாதம் வரை வைக்கலாம் என்று இருக்கும்போது இது பெரிய சலுகை. அதற்கு ஈடாக, ஒவ்வொரு கோரிக்கையிலும் 30 சதவிகிதம் நம் கையிலிருந்து போக வேண்டும். கைவசம் பழைய காப்பீடு ஏதும் இல்லாதவருக்கு, நோயும் இருந்து வயதும் ஆகிவிட்டவருக்கு, இது நியாயமான பேரம் என்பதே என் கருத்து. கதவே திறக்காத இடங்களைப் பார்த்த பிறகு 70 சதவிகிதம் என்பது சிறிய தொகை இல்லை.

ஆனால் இந்தப் பங்களிப்போடு அறை வாடகை வரம்பும் சேர்ந்துகொண்டால் கணக்கு எங்கே போகிறது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் யாரும் கையெழுத்திடக் கூடாது. நான் போட்டுப் பார்த்ததை அப்படியே தருகிறேன். இது எந்த ஒரு நிறுவனத்தின் பாலிசியும் இல்லை, நிபந்தனைகளைப் புரிந்துகொள்ள நானே எடுத்துக்கொண்ட உதாரணம். காப்பீட்டுத் தொகை 3 லட்சம், அறை வாடகை அதில் ஒரு சதவிகிதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நாம் 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்குகிறோம். மொத்த பில் 2,40,000. அதில் அறைக்கு 30,000, மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் வகையில் 1,10,000, மருந்துக்கும் பரிசோதனைக்கும் 1,00,000. வரம்புக்கு இரண்டு மடங்கு வாடகையுள்ள அறையை எடுத்ததால் வாடகையில் பாதி வெட்டு. அதோடு மருத்துவர், அரங்கக் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் பாதி வெட்டு. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கருவிகள் ஆகியவற்றில் இப்படி விகித வெட்டுப் போடக் கூடாது என்பது விதி, எனவே அந்த லட்சம் தப்பிக்கிறது. ஆக ஏற்கப்படும் தொகை 15,000, 55,000, 1,00,000 சேர்ந்து 1,70,000. அதில் 30 சதவிகிதமான 51,000 நம் பங்கு. வருவது 1,19,000. கையிலிருந்து கொடுப்பது 1,21,000. காப்பீடு இருந்தும் பில்லில் பாதிக்கு மேல் நாமே கட்டுகிறோம். அறையை மட்டும் மாற்றி எடுத்திருந்தால் கதையே வேறு. கோவையில் சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்களே, தனியறை இல்லாவிட்டால் மரியாதையாக இருக்காதே என்று நினைக்கிறவர்கள் (நானும் அவர்களில் ஒருவன்தான்) இந்தக் கணக்கை ஒருமுறை மனத்தில் ஓட்டிக்கொள்வது நல்லது.

எல்லா நிறுவனங்களும் விற்றாக வேண்டிய ஆரோக்ய சஞ்சீவனி 2020 ஏப்ரலில் வந்தது. எங்கு வாங்கினாலும் நிபந்தனைகள் ஒன்றே என்பதால் படிக்க எளிது. நம் பங்கு 5 சதவிகிதம் மட்டும். அறைக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவிகிதம், நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேற்படாமல். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 சதவிகிதம், 10,000-க்கு மேற்படாமல். ஆனால் புற்றுநோய்க்காரர்கள் நின்று படிக்க வேண்டிய வரி ஒன்று உள்ளே இருக்கிறது. வாய்வழி கீமோதெரபி, ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி (புற்றணுக்களைக் குறிவைத்துத் தாக்கும் மருந்து வகை), ரோபோ அறுவை சிகிச்சை முதலிய பன்னிரண்டு 'நவீன சிகிச்சை'களுக்குக் காப்பீட்டுத் தொகையில் பாதிதான் வரம்பு. என் மனைவிக்கு ஓராண்டு போட்ட ட்ராஸ்டுசுமாப் அந்தப் பட்டியலில் வருகிற மருந்து. 5 லட்சம் பாலிசி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அந்த ஊசிக்கு அது இரண்டரை லட்சம் பாலிசி. மற்ற பாலிசிகளிலும் இந்தப் பன்னிரண்டு சிகிச்சைகளின் பட்டியலைத் தேடி, எதிரே ரூபாய் வரம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகவர்கள் யாரும் இந்தப் பக்கத்தை எனக்குத் தாமாகத் திருப்பிக் காட்டவில்லை.

ஒரு குறிப்பிட்ட நோய் வந்தவுடன் மொத்தமாகப் பணம் தரும் பாலிசியையும் ஒருவர் பரிந்துரைத்தார். நோய் வந்தாகிவிட்ட எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை, எனவே அதை விட்டுவிட்டேன்.

சில நோய்களை நிரந்தரமாகவே விலக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பாலிசி கொடுக்கவும் நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. 2019-இல் வந்த அந்தப் பட்டியலில் புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரக நோய், பார்க்கின்சன் முதலியவை இருக்கின்றன. எங்களுக்கு ஒரு நிறுவனம் அப்படித்தான் எழுதி அனுப்பியது. பிரீமியம் மலிவு. நெஞ்சுவலிக்கும் எலும்பு முறிவுக்கும் உதவும். எந்தப் பயத்துக்காகக் காப்பீடு தேடினோமோ அதற்கு உதவாது. கையெழுத்துப் போடச் சொன்ன ஒப்புதல் தாளை அப்படியே திருப்பி அனுப்பினேன்.

இனி நாங்கள் வாங்கியதைப் பற்றி. குழுக் காப்பீட்டில் இருப்பவர் வேலையை விட்டுப் போகும்போது, அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளக் கேட்கலாம். இதை 'மைக்ரேஷன்' என்கிறார்கள். குழுவில் இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலக் கணக்கில் வரவு வைக்கப்படும். இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த வேறொரு ஆலைக்காரர் சொல்லித் தெரிந்தது. எங்கள் அலுவலகத்தில் கேட்டபோது, "காப்பீடு வேலையோட முடிஞ்சுதுங்க, வேற ஒண்ணும் கிடையாது" என்றார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக எழுதிய பிறகுதான் படிவம் வந்தது. குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் ஏப்ரல் கடைசியில் ஓடி ஓடிக் கொடுத்தேன். அந்தப் பந்தியில் நான் வேறு இலையில் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு மூன்றாண்டு காத்திருப்போடு புதிதாகத் தொடங்கியிருப்போம். வேறு நிறுவனத்துக்கு மாறும் 'போர்ட்டபிலிட்டி'யும் உண்டு, அதற்குப் புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் புதிய நிறுவனம் ஏற்க மறுக்கலாம். நோயுள்ளவர்களிடம் பெரும்பாலும் அந்த உரிமையைப் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள்.

மாறியதில் ஒரு நுணுக்கம் இருந்தது. ஆலையில் எங்களுக்கு இருந்த காப்பீடு 3 லட்சம். இப்போது எடுத்திருப்பது 10 லட்சம். வரவு வைக்கப்பட்ட ஆண்டுகள் அந்த 3 லட்சத்துக்கு மட்டுமே பொருந்தும். கூடுதலான 7 லட்சத்துக்குப் புற்றுநோய் தொடர்பான காத்திருப்பு 36 மாதம் புதிதாக ஓட வேண்டும், அதாவது 2027 ஜூன் வரை. பாலிசியின் முதல் பக்கத்தில் 10,00,000 என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நிபந்தனைகளைச் சுருக்கிச் சொல்லும் 'வாடிக்கையாளர் தகவல் தாள்' என்ற ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். தமிழில் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன், இரண்டாவதுக்குப் பிறகு வந்தது. நடை சற்று முரடு. இருந்தாலும் அதைப் படித்துத்தான் என் மனைவி, "அப்ப இப்போதைக்கு நமக்கு மூணு லச்சந்தானுங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

முதலாண்டுப் பிரீமியம் இருவருக்கும் சேர்த்து 74,200, அதன்மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி 13,356, மொத்தம் 87,556 ரூபாய். ஓய்வூதியமாக வரும் தொகைக்கு இது கனத்த சுமை. 2025 ஜூனில் 9 சதவிகிதம் ஏறியது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முன்கூட்டித் தன்னிடம் கலந்தாலோசிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் சொன்னதால் அந்த ஒன்பதில் நின்றது என்று ஊகிக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. எனவே 2026 ஜூனில் 10 சதவிகிதமே ஏறினாலும், முதலாண்டில் வரியோடு கட்டிய தொகையை ஒட்டியே நிற்கும்.

கோரிக்கை அனுபவம் 2025 பிப்ரவரியில். அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கை வீங்கி, தோலில் தொற்று ஏற்பட்டு, காய்ச்சலோடு கோவையில் நான்கு நாள் சேர்க்க வேண்டியதாயிற்று. கோபியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் பட்டியலில் இருக்கும் மருத்துவமனைதான். காலையில் அனுமதிக் கோரிக்கை போனது, அரை மணியில் ஒரு கேள்வி திரும்பி வந்தது: இது பழைய நோயின் விளைவா, அந்த நோய் முதலில் எப்போது கண்டறியப்பட்டது? என் மனைவியின் தங்கை மகள் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பையில் 2022-இன் பயாப்சி அறிக்கை, ஒவ்வோர் ஆண்டின் குழுக் காப்பீட்டுச் சான்று, மைக்ரேஷன் கடிதம் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். காப்பீட்டு மேசையில் இருந்த பெண் நான்கு தாள்களை எடுத்து ஸ்கேன் செய்து அனுப்பினார். அடுத்த 40 நிமிடத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. 3 லட்சத்துக்குள் அடங்கும் தொகை என்பதால் பழைய நோயின் விளைவு என்று மருத்துவர் எழுதியதும் எங்களைப் பாதிக்கவில்லை.

சேர்க்கை இவ்வளவு சுலபமாக முடிந்ததற்கு, வெளியே வருவது சோதனையாக இருந்தது. நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் கேஷ்லெஸ் முறையில் முதல் ஒப்புதலை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்பது 2024 மே மாதச் சுற்றறிக்கை. காலை ஒன்பதரைக்கு மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்றார். நாங்கள் கிளம்பியது மாலை ஐந்தரைக்கு. சண்டை போடத்தான் போனேன். மேசையில் இருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்த மூன்று மணி நேரம் மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து ஓடாது, மருத்துவமனை இறுதி பில்லை நிறுவனத்துக்கு அனுப்பிய நேரத்திலிருந்துதான் ஓடும். பில் போனது 2:40-க்கு, பதில் வந்தது 5:10-க்கு. நிறுவனம் விதிப்படியே நடந்திருக்கிறது. ஐந்து மணி நேரத்தை விழுங்கியது மருந்தகத்துக்கும் பில் பிரிவுக்கும் நடுவே நின்றுபோன கோப்பு. அடுத்த முறை, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னவுடன் படுக்கையருகே உட்காராமல் பில் பிரிவின் வாசலில் போய் நின்றுகொள்வேன்.

பில் 86,400. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் என்று ஏற்கப்படாதவை 5,150. மீதி 81,250-இல் எங்கள் பங்கு 10 சதவிகிதம், 8,125. நிறுவனம் கொடுத்தது 73,125. அறைக்கு ரூபாய் வரம்பு இல்லாமல் 'தனி ஏசி அறை' என்று மட்டும் எழுதியிருப்பதால் விகித வெட்டு ஏதும் இல்லை. இந்தப் பாலிசியின் மிகப் பெரிய நன்மை என்று அந்த ஒரு வரியையே சொல்வேன். குறை என்று சொன்னால், தினமும் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனைக்கும் ஒரு காசும் வராது.

அரசுத் திட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் பக்கத்தில் பலர் இருப்பதை விட்டுவிட்டு வெளியே தேடுகிறார்கள். அக்காவின் கணவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருடைய ஓய்வூதியத்திலிருந்து அரசு ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாதம் 497 ரூபாய் பிடித்தம். 2022 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நான்கு ஆண்டுக்கு 5 லட்சம், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 10 லட்சம் வரை. அந்த விலைக்கு வெளியே எதுவும் கிடைக்காது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. எனக்கு வீட்டு வாடகை வருவதால் தகுதியில்லை. ஆலைத் தொழிலாளர்கள் பலருக்குத் தெரியாதது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விவகாரம். ஐந்தாண்டாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தானும் மனைவியும் மருத்துவம் பெறலாம். கோவை சிங்காநல்லூரில் அதற்குப் பெரிய மருத்துவமனையே இருக்கிறது. என்னோடு ஓய்வு பெற்ற ஸ்பின்னிங் பகுதிக்காரர் ஒருவருக்கு இதை நான்தான் சொன்னேன், அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை இப்போது அங்கிருந்துதான். 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் 5 லட்சம் தரும் ஆயுஷ்மான் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. அதற்கு எனக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.

பணம் மறுக்கப்பட்டவர்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பார்த்துவிட்டு, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான வழக்குகளைக் கேட்கிறார், கட்டணம் கிடையாது. எனக்கு அந்தத் தேவை வரவில்லை, முகவரியை மட்டும் மஞ்சள் பையில் எழுதி வைத்திருக்கிறேன்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை மதிப்பெண் தமிழ்த் தாளுக்கு இரண்டு கடிதம் போட வைத்ததற்காகவும், ஒன்று பிரீமியத்துக்காகவும் குறைகிறது. கூடுதல் 7 லட்சத்துக்குக் காத்திருப்பு முடியும்வரை, ஆலையில் வந்த பணிக்கொடையிலிருந்து 4 லட்சத்தைத் தபால் நிலையத்தில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறோம். மகன் அதை எடுத்து மாடி கட்டலாம் என்கிறான். 2027 ஜூன் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.